அரசருக்கு அனுப்பாத மனு

சாந்தாஃபே, 1810

அன்பு மகன் அன்செல்மோவுக்கு,

நீ நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். என் மூட்டுவலி குறைந்திருக்கிறது.

நான் ஸ்பெயின் அரசரைத் திட்டி எழுதியதாக, நீ இருக்கும் நம் ஊரில் பேசுகிறார்களாம். அது தவறு. கன்னிமாடத்தில் படித்தவள் யாரையும் திட்டி எழுத மாட்டாள்.

புகையிலை நடத் தடை, ஸ்பெயினில் பிறந்தவர்களுக்கே பதவி என்று இங்குள்ளவர்களின் குறைகளைச் சொல்லி அரசருக்குப் பதினொரு மனுக்கள் எழுதிக் கொடுத்தேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. போன வாரம் பன்னிரண்டாவதைத் தொடங்கியதும், புகையிலை பயிரிடும் ஹசிந்தா என் கையைப் பிடித்தாள்.

"அவரே பிரெஞ்சுக்காரன்கிட்ட கைதியா கெடக்காரு எழுத்தம்மா. இன்னும் அவருக்கேவா?"

"பின்னே யாருக்கு எழுதுறதாம்?"

"நம்ம ஊர் சபைக்கு எழுதுங்க. வாசல்ல போய் நின்னு பதில் கேக்கலாம்ல."

அவள் சொன்னது சரி. அரசரின் பெயரை அடித்துவிட்டுச் சபைக்கு எழுதி, முதல் கையெழுத்தை நானே இட்டேன். அதைச் சதுக்கத்தில் வாசித்தார்கள். நான் கேட்டிருந்தது புகையிலை நடும் உரிமை மட்டுமே. வாசித்து முடிப்பதற்குள் கூட்டம் தனி ஆட்சியே கேட்டது. தள்ளுமுள்ளு ஆனது; எனக்கு ஒரு காயமும் இல்லை.

நீ அரசரின் புகையிலை அலுவலகத்தில் எழுத்தர். என்னால் உன் வேலை போகலாம். ஆனாலும் கையெழுத்தைத் திரும்பப் பெற மாட்டேன்.

என் கம்பளிச் சால்வையையும் வீட்டுச் சாக்லேட் கட்டி நான்கையும் கோவேறுகழுதைக்காரரிடம் கொடுத்தனுப்பு. சபையின் பதில் வரும்வரை இங்கேதான் இருப்பேன்; ஒருத்திக்கு நான்கு கட்டி மூன்று மாதம் வரும்.

மனுவின் நகல் அங்கும் வருகிறது. அதில் கையெழுத்திடுவாயா, மாட்டாயா? ஆள்மூலம் சொல்லி அனுப்பாதே. உன் கையால் எழுது.

உன் தாய்,
எயுஃப்ராசியா