இலவம்பஞ்சுப் பனி

1926 நவம்பர் 18, வியாழன்

சோமுவின் சாரணர் கழுத்துக்குட்டையைக் காணோமென்று வீட்டையே தலைகீழாக்கினோம். கடைசியில் பார்த்தால் சின்னவன் அதில் அடுப்புக்கரியை முடிந்து வைத்திருக்கிறான். துவைத்து, ஈரத்தோடு கட்டி அனுப்பினேன். பாக்கியத்துக்கு நாலு மணிக்குப் பள்ளிக்கூடத்தில் பியானோவோடு பாட்டு, ஐந்தரைக்கு வீட்டில் ஆர்மோனியம். இவர் துறைமுக ஆபீசிலிருந்து ஏழுக்கு முன்னால் வருவதில்லை. எனக்கு இருப்பது இரண்டே கை.

பள்ளிக்கூடத்து டிசம்பர் நாடகத்தில் பனி கொட்டுகிற ஊராம். ரங்கூனில் பனி என்றால் விடியற்காலை மொட்டைமாடி ஈரமாவதுதான். “பஞ்சு மாதிரி விழும்மா” என்கிறாள் பாக்கியம், நேரில் பார்த்தவள் போல. அவளுக்குத் தனியாக இரண்டு பாட்டு. எதிர்வீட்டு மதீனா பீவியின் மகள் சைதாவுக்கு, பனியில் வழி தவறிய குழந்தை வேஷம். ஏழு வயசானாலும் பெண்பிள்ளை மேடை ஏறுவதாவது என்று அவள் வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பேசினேன். “எம் மகளோட கூட்டிட்டுப் போய் கூட்டிட்டு வர்றது எம்பொறுப்பு” என்றேன். சரி என்றார்.

நவம்பர் 21

சின்னவனுக்குக் காய்ச்சல். நாளெல்லாம் மடியை விட்டு இறங்கவில்லை.

நவம்பர் 23, செவ்வாய்

முத்துப் போட்டிருக்கிறது. வயிற்றிலும் முதுகிலும் இருபது இருக்கும், முகத்தில் இரண்டு. தாயே, எளிதாக இறங்கிப் போ. மூத்தது இரண்டுக்கும் அம்மைப்பால் நன்றாகப் பிடித்தது; இவனுக்குக் குழந்தையில் குத்தியது சரியாகப் பிடிக்கவில்லை, மறுபடி குத்தவேண்டும் என்றார்கள். அழுவானே என்று தள்ளிப்போட்டது நான்தான்.

வேப்பிலையை வாசலில் செருகப் போனேன். இவர் கையைப் பிடித்துக்கொண்டார். “அறிவிருக்கா ஒனக்கு? முனிசிபல்காரன் பாத்தா பிள்ளைய அள்ளிட்டுப் போயிருவான். வீட்டுக்குச் சீட்டு ஒட்டுவான். பாக்கியம் பள்ளிக்கூடத்துப் பக்கம் போக முடியாது.” பாட்டுக்காக மூன்று மாதமாகத் தொண்டையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறது அந்தப் பெண். இலையைப் பாய்க்கடியில் வைத்தேன்.

நவம்பர் 25

தாளிப்பு இல்லை, எண்ணெய் இல்லை, கஞ்சியும் இளநீரும்தான். அம்மன் இருக்கிற வீட்டில் பாட்டும் ஆகாது. பாக்கியத்தை ஆர்மோனியத்தை மூடச் சொன்னேன். இவர் திறக்கச் சொன்னார். “தினம் பாடுற வீட்ல திடீர்னு சத்தம் நின்னா எதுத்த வீட்ல என்னன்னு கேப்பாங்கல்ல?”

பாடினாள். உள்ளறையில் சின்னவன் முனகுவதை அது மறைத்தது. தாயே, மன்னித்துக்கொள்.

நவம்பர் 29

மதீனா ஒரு கிண்ணத்தில் கடல்பாசி இனிப்புக் கொண்டுவந்தாள். நிலைப்படியிலேயே நின்று வாங்கிக்கொண்டேன். சின்னவன் எங்கே என்றாள். சளி, தூங்குகிறான் என்றேன். எத்தனை சுலபமாக வருகிறது பொய்.

டிசம்பர் 7

மூன்றாம் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீர். பொருக்கெல்லாம் உதிர்ந்து தெளிந்துவிட்டான். முகத்து வடுவைக் கேட்டால் கொசுக்கடி புண்ணானது என்று சொல்லிக்கொள்வோம். அவன் படுத்த மெத்தையைக் கொளுத்தவேண்டும். தெரு நடுவில் மெத்தையை எரித்தால் எவன் கேட்கமாட்டான்? மாடியில் வெயிலில் போட்டு வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 9

பள்ளிக்கூடத்திலிருந்து சீட்டு. ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பனிக்குப் பஞ்சு கொடுத்தனுப்ப வேண்டுமாம், சனிக்கிழமைக்குள். இதற்கும் நான்தான் ஓடவேண்டும். சோமுவுக்கு அணிவகுப்பு உடுப்பு தைத்து வரவில்லை, பாக்கியத்தின் வெள்ளைப் பாவாடைக்கு ஓரம் அடிக்கவில்லை.

டிசம்பர் 11, சனி

மெத்தையைப் பிரித்தேன். நல்ல இலவம்பஞ்சு, போன வருஷம் அடைத்தது. நாலு நாள் வெயில் குடித்திருக்கிறது. தண்ணீர் ஊற்றியதோடு அம்மன் இறங்கியாயிற்று. அவள் இருந்த இடத்தில் தீட்டேது? மேலுறையை மட்டும் அடுப்பில் போட்டேன். பஞ்சை நானும் பாக்கியமும் உட்கார்ந்து பூப்பூவாகப் பிய்த்தோம். ஒரு மூட்டை. டீச்சரம்மா தொட்டுப் பார்த்து, “உங்க வீட்டுப் பஞ்சுதான் எல்லாத்துலயும் மெதுவா இருக்கு, இதைக் குழந்தை மேல போடறதுக்கு வச்சுக்கறோம்” என்றாராம். பெருமையாக இருந்தது.

டிசம்பர் 18, சனி

நாடகம் முடிந்தது. பாக்கியம் பாடினாள். என் பெண் என்பதற்காகச் சொல்லவில்லை, கூடம் மூச்சுவிடவில்லை. பாட்டின் முடிவில் மேலே கட்டியிருந்த வலையை அவிழ்த்தார்கள். சைதா கண்ணை மூடி மரத்தடியில் படுத்திருக்க, பஞ்சு அவள் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. மூக்கில் போய்த் தும்மினாள், எல்லாரும் சிரித்தார்கள். மதீனா அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, “ஒங்களாலதாங்க்கா” என்றாள்.

டிசம்பர் 22

மதீனாவின் தம்பி இப்ராஹிம் நாகப்பட்டினம் கப்பலில் வந்திருக்கிறான். சைதா அவன் தோளை விட்டு இறங்குவதில்லை.

டிசம்பர் 30

சைதாவுக்குக் காய்ச்சலாம்.

1927 ஜனவரி 2, ஞாயிறு

எட்டிப் பார்க்கப் போனேன். மதீனா பாவாடையை விலக்கிக் காட்டினாள். வயிறெங்கும் முத்து. வேர்க்குருவாக இருக்கும் என்று என் வாய் சொல்லிற்று. அந்தக் குழந்தையின் கையில் அம்மை குத்திய தழும்பே இல்லை. ஊரிலிருந்து வந்து ஒன்றரை வருஷம், யாரும் குத்தவில்லை.

ஜனவரி 4

முனிசிபல்காரர்கள் வந்தார்கள். சைதாவைத் தூக்கிப்போனார்கள். பாய், தலையணை, மேடைக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, எல்லாவற்றையும் தெருவில் எரித்தார்கள். மதீனா படியில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். இன்ஸ்பெக்டர் இப்ராஹிமைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எப்போது வந்தாய், கப்பலில் யாருக்காவது இருந்ததா? “ஒருத்தருக்கு இருந்துச்சு, எறக்கிட்டாங்க” என்றான் அவன். அவ்வளவுதான், தீர்ப்பாகிவிட்டது.

நாடகத்தில் சைதாவின் பக்கத்தில் நின்ற இரண்டு பிள்ளைகளுக்கும் கண்டிருக்கிறது. அதை யாரும் பஞ்சோடு சேர்த்துப் பார்க்கவில்லை. சைதாவிடமிருந்து தொற்றியது என்கிறார்கள்.

ஜனவரி 5

இவரிடம் சொன்னேன். சட்டையைக் கழற்றி மாட்டினார். பிறகு, “அம்மன் இருக்கும்போது பாட்டுப் பாடினோம், அந்தக் கோபம்” என்றார்.

“அப்படின்னா நம்ம வீட்லல்ல எறங்கணும்? பஞ்சுங்க, பஞ்சு.”

“வாய மூடு. மறைச்சதுக்கே வேல போயிரும். மூணு பிள்ளைங்கள வச்சுக்கிட்டு எங்க போவே?”

இந்த மனுஷன் பாட்டை நிறுத்தாதே என்றபோது எனக்குப் புத்தி எங்கே போயிற்று? மெத்தையை எரிக்காதே என்று அவர் சொல்லவே இல்லையே. அது நான். நான் மட்டும்தான்.

ஜனவரி 11

சைதா போய்விட்டாள்.

ஜனவரி 14

அந்த இரண்டு பிள்ளைகளும் பிழைத்துக்கொண்டன. ஒன்றுக்கு ஒரு கண் போயிற்று.

ஜனவரி 30

மதீனா தம்பியை வீட்டுக்குள் விடுவதில்லை. அவன் சைதா வாப்பாவின் கடைத் திண்ணையில் படுக்கிறான், சாப்பாடும் அங்கேதான். “எம் புள்ளையத் தூக்கித் தூக்கிக் கொன்னுட்டான்” என்கிறாள். அவன் எதிர்ப்பேச்சுப் பேசுவதில்லை. அவனுக்கே அது நம்பிக்கையாகிவிட்டது.

பாக்கியம் ஆர்மோனியத்தைத் தொடுவதில்லை. ஏன் என்று நானும் கேட்கவில்லை. என்னோடு உட்கார்ந்து பிய்த்தவள்தானே. சின்னப் பெண்ணில்லை, கணக்குப் போடத் தெரியும்.

பிப்ரவரி 19

இப்ராஹிம் மெலிந்துவிட்டான். மார்ச் எட்டாம் தேதி கப்பலில் ஊருக்கே போகிறானாம், இனி இந்தப் பக்கம் வரமாட்டானாம். இருபத்திரண்டு வயசு. என் பாவத்தை மூட்டை கட்டிக்கொண்டு கப்பல் ஏறப் போகிறான்.

இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நாளைத் தள்ளுகிறேன். இவர் முகத்தைப் பார்த்தால் பயம். மதீனா முகத்தைப் பார்த்தால் அதைவிடப் பயம்.

மார்ச் 6, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

இவர் கடைத்தெருவுக்குப் போன நேரம் பார்த்து எதிர்வீட்டுக்குப் போனேன். மதீனா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்காரக்கூட இல்லை நான்.

“மதீனா, ஒந்தம்பி கொண்டாரல. பஞ்சு எங்க வீட்டுது. சின்னவனுக்கு அம்மை கண்ட மெத்தைப் பஞ்சு. நாங்க மறைச்சுட்டோம். நாந்தான் பிரிச்சுக் குடுத்தேன்.”

முறத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள், கூந்தலைப் பிடித்து இழுப்பாள் என்று நின்றேன். அடிக்கட்டும் என்றுதான் நின்றேன். அவள் கண் நிறைந்து வழிந்தது.

“எந்தம்பிய நான் வெறுத்துறக் கூடாதுன்னு பழிய ஒங்க தலையில போட்டுக்கிறீகளாக்கா? கூடப் பொறந்தவகூட இப்பிடிச் செய்ய மாட்டா.”

“இல்ல மதீனா, நெசம்…”

“போதும்க்கா. ஒங்க வீட்ல அம்மையா? அந்த மாசம் பூரா ஒங்க மக பாடிக்கிட்டுல்ல இருந்துச்சு, நானும் எம் புள்ளையும் ஒரு நா தவறாமக் கேட்டோமே. அம்மன் வந்த வீட்ல நீங்க பாட விடுவீகளா?” முந்தானையால் என் முகத்தைத் துடைத்தாள், அவளுடையதைத் துடைப்பதற்கு முன்னால். “நீங்க சொன்னதுக்காவது அவன உள்ள கூப்புடுறேன். அவனும் எம் புள்ளைதான்.”

கடைக்கு ஆள் அனுப்பினாள். இப்ராஹிம் வந்து வாசலில் நின்றான். “வாடா” என்றாள். அவன் அவள் காலடியில் உட்கார்ந்து சத்தமாக அழுதான். எனக்குத் தேநீர் வந்தது. குடித்தேன்.

இன்னொரு முறை சொல்லியிருக்கலாம். சின்னவனைத் தூக்கிவந்து சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டியிருக்கலாம், பத்து எட்டுத்தான். வாய் வரவில்லை என்று இங்கே எழுதினால் அதுவும் பொய். வந்தது. சொல்லவில்லை.

செவ்வாய்க்கிழமை அவனை வழியனுப்ப நானும் துறைமுகத்துக்கு வரவேண்டுமாம். வருகிறேன் என்றேன்.