தலை தட்டாத கப்

என் உயிர் ஷமீமாவுக்கு,

நேற்று கடைக்குப் போய் கிராம் காட்டுகிற சின்னத் தராசு ஒன்று வாங்கி வந்தேன். நீ இருந்திருந்தால், "சமையல்கட்டுல இன்னாங்க நகைக்கடை வேல?" என்று சிரித்திருப்பாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயத்தில்தான் வாங்கினேன்.

நீ மௌத்தான பிறகு போன வெள்ளிக்கிழமைதான் நம் மகள் நூரா வாய்விட்டு ஒன்று கேட்டாள். கேக். சின்ன வயதிலேயே சர்க்கரை வியாதி வந்த பிள்ளை, எப்படி மறுப்பேன்? இரண்டு கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, எட்டுத் துண்டு. உன் அளவு எனக்கு மனப்பாடம். அவளுக்குச் சோதித்துச் சோதித்து, ஆஸ்பத்திரியிலும் கேட்டு, ஒரு துண்டுக்கு இவ்வளவு இன்சுலின் என்று நீ முடிவு செய்ததும் மனப்பாடம். உன் கப்பையே எடுத்தேன். போனில் ஒரு வீடியோவில் சொன்னபடி விளிம்புக்கு மேலே நின்றதைக் கத்தியால் தலை தட்டி அளந்தேன். ஊசி போட்டு ஒரு துண்டு கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டியது. "அத்தா, கண்ணு இருட்டுது" என்றாள். யா அல்லாஹ்! விரலில் குத்திப் பார்த்தால் ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிக் கிடந்தது. சர்க்கரைத் தண்ணீரைப் புகட்டி மடியில் சாய்த்துக்கொண்டேன். அவள் தெளிந்து எழுந்துவிட்டாள்.

ஏன் இறங்கியது? உன் தங்கை ஆயிஷாதான் கண்டுபிடித்தாள்.

"தலை தட்டினீங்களா மச்சான்? அக்கா எப்பவும் குமிச்சுத்தானே அள்ளுவாங்க. தட்டி அளந்தா வூட்டுல பரக்கத் போய்டும்னு சொல்வாங்களே!"

தராசில் வைத்துப் பார்த்தேன். தட்டிய கப் மைதா நூற்றிருபது கிராம். குமித்தது நூற்றெழுபதை நெருங்குகிறது. சர்க்கரையும் அப்படித்தான், என் கேக்கில் இரண்டுமே குறைவு. உன் துண்டுக்கு உண்டான மருந்தை என் துண்டுக்குப் போட்டிருக்கிறேன். தோல் கம்பெனியில் நாளெல்லாம் தோலைச் சதுர அடிக்கணக்கில் அளக்கிறவன் நான். ஒரே அடி உள்ள இரண்டு தோல் ஒரே எடை இருக்காது என்று புதுசாக வருகிறவர்களுக்குச் சொல்கிறவன். வீட்டில் அந்த மூளை எங்கே போச்சு?

எடைக் கணக்கை டாக்டரிடம் காட்டிப் புது அளவு வாங்கிவிட்டேன். ஆனாலும் ஊசியை எடுத்தாலே கை உதறுகிறது. இன்னும் எதையெல்லாம் நீ கைக்கணக்கில் செய்தாய்? பாயசத்தில்? சேமியாவில்? எனக்குத் தெரியாதது இன்னும் எத்தனை இருக்கு, சொல்லேன்.

நாளைக்கு அவள் பிறந்தநாள். "இன்னா கேக் செய்யட்டும்மா?" என்று கேட்டேன்.

"எனக்கு கேக்கே புடிக்காது அத்தா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கிண்ணத்தில் ஒட்டின மாவைக்கூட வழித்து நக்குகிறவள்! என் கையை அவள் பார்த்துவிட்டாள், ஷமீமா.

நாளைக்குக் கேக் செய்வேன். ஒவ்வொன்றையும் நிறுத்துப் போடுவேன். பயம் இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் அத்தா பயப்படுகிறாரே என்று உன் பிள்ளை இனி ஆசையை மறைக்க விடமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

உன் நூராவின் அத்தா,
காதர்