மண்டபத்துக் கடைசியில் நின்ற கேமரா

மாசி 3, வியாழன்

காலையில் பனி. பத்து மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது. பேட்டரி நான்கு சார்ஜ். லென்ஸ் துடைப்பு. கேமராவைத் தூக்கும் கிரேன்காரனுக்கு போன். ஞாயிறு அக்கா மகள் தர்ஷினிக்குச் சடங்கு, அருப்புக்கோட்டை மண்டபத்தில். தாய்மாமனும் நானே, வீடியோக்காரனும் நானே. இந்த ஜில்லாவில் வேறு எவனுக்கு வாய்க்கும்?

மதியம் திருச்சுழியிலிருந்து, தர்ஷினி படிக்கும் பள்ளியிலிருந்து அழைப்பு. பிள்ளைகளுக்கு மாதம் ஒரு படம் போடுகிறார்கள். புரொஜெக்டர் மக்கர். போனேன், தொட்டேன், விளக்கு எரிந்தது. (பிளக் சரியாகச் சொருகவில்லை. டீச்சரிடம் "சர்க்யூட்" என்றேன்.)

பழைய பிரான்ஸ் படம், கறுப்பு வெள்ளை. பேர் வாயில் நுழையவில்லை. பதிமூன்று வயதுப் பெண். வீட்டில் யாருக்கும் அவள் மேல் கவனமில்லை. ஓடிப்போகிறாள், திரும்பி வருகிறாள், அவ்வளவுதான். சண்டை இல்லை, பாட்டு இல்லை.

கேமராவை மட்டும் கவனித்தேன்:

- அவள் நடந்தால் பக்கத்திலேயே நடக்கிறது. முந்துவதில்லை. சேக்காளி மாதிரி.
- வகுப்பில் எல்லோர் முன்னும் திட்டு வாங்குகிறாள். கேமரா உயரத்தில். பிள்ளை கட்டெறும்பு அளவு.
- ஆற்றங்கரையில் அழுகிறாள். இங்கேதான் அநியாயம். கேமரா எதிர்க்கரையில்! முகமே தெரியவில்லை. தோள் மட்டும் குலுங்குகிறது.

நானாக இருந்தால் ஜூம் போட்டுக் கண்ணீர்த் துளிக்குள்ளேயே போயிருப்பேன். ஆயிரத்து எண்ணூறு விசேஷம் எடுத்த கை. (சரி, எண்ணூறு.)

ஆனால் ஒன்று. அந்த இடத்தில் தர்ஷினியோடு அறுபது பிள்ளைகள், ஒரு இருமல் இல்லை. கிளம்ப எழுந்த நானும் மறுபடி உட்கார்ந்தேன். கால் வலி.

மாசி 4, வெள்ளி

வெயில். மல்லாங்கிணறு போய்ப் பூ அலங்கார ஆளைப் பார்த்தேன். டீ இரண்டு.

மாலை அக்கா வீடு. தர்ஷினி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஞாயிறு மேடை ஏற மாட்டாளாம்.

"ஏலே, நீ கேளு. காலைலேருந்து சோறு திங்கல," என்றாள் அக்கா.

கதவுக்கு வெளியே நின்றேன். "என்ன தாயி, யாரு என்ன சொன்னா?"

"நீங்கதான் மாமா."

"நானா?"

"சுபா அக்கா சடங்குல அவுக அழுதப்ப நீங்க என்ன செஞ்சீங்க?"

சுபா எங்கள் சித்தப்பா பேத்தி. என்ன செய்தேன்? என் வாழ்க்கையிலேயே சிறந்த ஷாட். மூக்கு நுனி வரை ஜூம். மேடைப் பக்கத்து எல்இடி திரையில் மண்டபம் முழுக்கப் பார்த்தது. அப்புறம் ஸ்லோமோஷன், சோகப் பாட்டு, வாட்ஸப். சொந்தக்காரர்கள் என்னைக் கட்டிப்பிடித்தார்கள்.

"ஒரு வருசமா அவுகள 'சளி ஸ்டாரு'ன்னு கூப்புடுறாங்க மாமா. டியூசனுக்கே போறதில்ல. எங்க கிளாஸ் பூராம் ஞாயித்துக்கெழம வருது. கூட்டத்தப் பாத்தா எனக்கு அழுக வந்துரும்."

கதவோரம் தரையில் உட்கார்ந்தேன்.

"அந்தப் படத்துல அக்கரையில நின்னு எடுத்தாங்கள்ல. நீங்க நிப்பீங்களா?"

"நிக்கிறேன் தாயி. இருவது வருசமாத் தெரிஞ்ச வித்தை. நம்மூர்ல கேக்க ஆளில்ல, அதான் காட்டல."

உண்மையில் எனக்குத் தெரியாது. கதவு திறந்தது. தோசை நான்கு தின்றாள். எனக்கு ஆறு.

மாசி 5, சனி

மண்டபம். கிரேன் வேண்டாம் என்றேன். கிரேன்காரன் முகம் சுருங்கிவிட்டது. கடைசி நாற்காலிக்கும் பின்னால் ஸ்டாண்டு போட்டுக் கேமரா. மேடையில் தேங்காயை வைத்து அளவு பார்த்தேன். தேங்காயின் மூன்று கண்ணும் தெரியவில்லை. நல்லது.

சுபாவைப் பற்றியே நினைப்பு. அந்த ஷாட்டை எல்லோரிடமும் காட்டியிருக்கிறேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. செல்போனிலிருந்து அழித்தேன். மற்றவர்கள் செல்போனில் இருப்பதற்கு என்ன செய்ய?

மாசி 6, ஞாயிறு

கூட்டம். இரண்டாயிரம் பேர். (உட்கார இடம் முந்நூறு.)

"எல்இடி ஏன்டா கருப்பாக் கெடக்கு?" அக்கா.

"எலி வயரக் கடிச்சிருச்சுக்கா. எலியா அது, பெருச்சாளி!" வயர் என் பைக்குள்.

தாய்மாமன் மாலை போடும் நேரம். கேமரா தானாக ஓட, நான் மேடையில். மாலையைப் போட்டேன். முன்வரிசையில் அவள் வகுப்பு, ஆளுக்கொரு செல்போன் தூக்கியபடி. அவள் உதடு கோணியது. அழுகை வந்துவிட்டது.

போட்டவன் ஓரமாக நகர வேண்டும். நகரவில்லை.

"தாய்மாமா, தள்ளுங்கய்யா! பொண்ணு தெரியல!"

"மாலை சிக்கிக்கிருச்சு!" என்று கத்தினேன், பாதி குனிந்தபடி. மேளக்காரர் இன்னொரு சுற்று வாசித்தார். அவள் மூக்கை உறிஞ்சி, கண்ணைத் துடைத்து, "போதும் மாமா" என்ற பிறகுதான் நகர்ந்தேன்.

சாயங்காலம் வீட்டில் வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். "ஏலே, ஒன் முதுகப் பாக்கவா மண்டபம் புடிச்சேன்?" அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நிமிடம் பதினோரு நொடி. மேடை நடுவில் என் முதுகு, கதவு மாதிரி. இடுப்போரம் வெள்ளைச் சட்டையைக் கசக்கிப் பிடித்தபடி ஐந்து மருதாணி விரல். ஜூமே வேண்டியதில்லை.

அக்கா அதைப் பார்த்துவிட்டாள். அந்த இடத்தை மறுபடி போடச் சொன்னாள்.

"இத வெட்டாதீங்க மாமா," தர்ஷினி.

வெட்டுவேனா? ஆயிரத்து எண்ணூறு விசேஷத்தில் நான் உள்ளே இருக்கும் ஒரே ஷாட்.