அஸ்தம்பட்டி வேனில் பிரெஞ்சு

ஜூலை 8, செவ்வாய்

அம்மா தூங்கிவிட்டாள். போர்வைக்குள் டார்ச் அடித்து எழுதுகிறேன். பத்தாம் வகுப்பில் கணக்கைத் தவிர எதை எழுதினாலும் அம்மாவுக்கு மூக்கு வேர்த்துவிடும்.

இன்று எங்கள் பிரெஞ்சு டீச்சர் ரோசி மிஸ் கூப்பிட்டார். "நர்மதா, உன் வேன்ல வர்ற அஞ்சாங்கிளாஸ் குட்டிங்களுக்கு நீ தினமும் பிரெஞ்சு வார்த்தை சொல்லிக் குடுக்கணும்." இந்த வருஷம் புதிதாகப் பிரெஞ்சு எடுத்தது அந்த ஐந்து பேர்தான். காலையில் படித்தது மாலைக்குள் மறந்துவிடுகிறதாம். மாதக் கடைசியில் கரஸ்பாண்டென்ட் சாரே வந்து கேள்வி கேட்பார். பதில் வராவிட்டால் பிரெஞ்சை எடுத்துவிட்டு ரோபாட்டிக்ஸ். "அப்புறம் நான் வீட்டுல மாவாட்ட வேண்டியதுதான்" என்று மிஸ் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு பேர் முன்னால் பேசவே நடுங்குகிறவள் நான். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "சரிங்க மிஸ்" என்று வந்தது.

ஜூலை 10, வியாழன்

வாய்ப்பாடு மாதிரி கத்த வைத்தேன். செவ்வாய்ப்பேட்டையில் சொன்னது அஸ்தம்பட்டி ரவுண்டானாவுக்குள் காலி. டிரைவர் சின்னராஜ் அண்ணன், "ஏஞ்சாமி, வண்டிக்குள்ள வெல்ல ஏலமா உடறீங்க?" என்றார்.

ஐந்து பேரில் ஒருத்தி, வினோலியா, கை விரித்தாள். "நேத்து படிச்சது நேத்தே முடிஞ்சு போச்சுக்கா."

ஜூலை 14, திங்கள்

செவ்வாய்ப்பேட்டை மண்டி முன்னால் லாரி குறுக்கே நின்றுவிட்டது. சர்க்கரை மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. சும்மா அதைக் காட்டி, சர்க்கரைக்குப் பிரெஞ்சில் "சுக்ர்" என்றேன். மாலையில் அதே இடம் வந்ததும், யாரும் கேட்காமலே, மதன் ஜன்னலில் தலையை நீட்டி "சுக்ர்!" என்று கத்தினான். மூட்டை தூக்குகிறவர் திரும்பிப் பார்த்தார்.

அடடே. மனசில் வை என்றால் வைக்க மாட்டார்கள். வார்த்தைகளைக் கடை கடையாக மாட்டிவிட்டால்?

ஜூலை 18, வெள்ளி

சலூன் – மிருவார், கண்ணாடி. பூக்கடை – ஃப்ளர். சாவிக்கடை – க்ளே. மாதா கோவில் – எக்லீஸ். ஒரு வீட்டு கேட்டுக்குப் பின்னால் தினமும் குரைக்கிற நாய் – ஷியென். அது இன்று குரைக்கவில்லை என்று மதனுக்கு ஒரே வருத்தம்.

சின்னராஜ் அண்ணன் வண்டிச் சாவியைத் தேடினார். "என்ற க்ளேயப் பாத்தீங்களா சாமி?"

ஜூலை 21, திங்கள்

பகீர்.

மிஸ் ஒத்திகை வைத்தார். "சாவிக்கு என்ன?" நாலு பேர் கண்ணை மூடிக்கொண்டார்கள். மனசுக்குள்ளேயே மண்டியில் கிளம்பி, சலூன், பூக்கடை எல்லாம் தாண்டி, சாவிக்கடை வந்த பிறகுதான் "க்ளே!" முதலிலிருந்து வேனை ஓட்டாமல் ஒரு வார்த்தையும் வராது! மிஸ் விழுந்து விழுந்து சிரித்தார். சார் சிரிப்பாரா?

அதைவிட மோசம், ஐந்தாவது ஆள் அக்சிலியா. பாதி வார்த்தை தெரியவே இல்லை. "நான் கலெக்டர் ஆபீஸ்லதானேக்கா ஏறுறேன்? அதுக்கு முன்னாடி இருக்கிற கடையெல்லாம் நான் பார்த்ததே இல்லையே." மாலையில் முதலில் இறங்குகிறவளும் அவள்தான். ஒரு வாரமாக எனக்கு ஏன் இது உறைக்கவில்லை? என்னாலதான் மிஸ்ஸுக்கு வேலை போகப்போவுது. ஐயோ, வாயைத் தொறந்து மாட்டேன்னு சொல்லியிருக்கலாம்ல?

ஜூலை 26, சனி

அக்சிலியாவுக்கு அந்தக் கடைகளைக் காட்ட வேண்டும். அதற்கு அம்மாவிடம் சொல்லியே ஆக வேண்டும். சொல்லிவிட்டேன்.

"இத்தன நாளா எங்கிட்டச் சொல்லோணும்னு தோணலையா? கணக்குப் பரீட்சைய ஆரு எழுதுவா, அந்தப் பிரெஞ்சுக்காரனா?"

அம்மா பையை எடுத்தாள். "நட. எனக்கும் புளி வாங்கோணும்."

அக்சிலியாவைக் கூட்டிக்கொண்டு மண்டியிலிருந்து நடந்தோம். ஒவ்வொரு கடை முன்னாலும் அவள் நின்று பார்த்தாள். சலூன்காரர் எட்டிப் பார்த்து, "என்ன பாப்பா, முடி வெட்டணுமா?" என்றார்.

"இல்லீங்க, உங்க கண்ணாடிக்குப் பேரு வெக்கறாங்க" என்றாள் அம்மா.

ஜூலை 29, செவ்வாய்

நாளைக்குத்தான் கரஸ்பாண்டென்ட் சார் வருகிறார்.

ஜூலை 30, புதன்

ஐந்தாம் வகுப்பு வாசலில் நின்றுகொண்டிருந்தேன். சார் முதலில் அக்சிலியாவை எழுப்பினார். "கண்ணாடி?"

கண்ணை மூடினாள். சத்தமே இல்லை. சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என்ன மிஸ், புள்ளைங்க தூங்குதுங்களா?" மிஸ் முகம் சுருங்கிப் போனது. சார் பேனாவைத் திறந்தார்.

அப்போது ஒரு குரல். என்னுடையதா அது?

"சார்... வேன் இன்னும் அங்க போய்ச் சேரலைங்க. கொஞ்சம் பொறுங்க."

எல்லாரும் திரும்பினார்கள். எனக்குக் காது சுட்டது. சார் ஒன்றும் புரியாமல் என்னையும் அவளையும் பார்த்தார்.

"மிருவார்" என்றாள் அக்சிலியா.

மிஸ் எழுந்து விஷயத்தைச் சொன்னார். அப்புறம் சார் ஒவ்வொருவருக்கும் காத்திருந்தார். மதனிடம் மட்டும், "இப்ப எங்கப்பா வர்றே?" என்று கேட்டார்.

"பூக்கடைங்க சார். டிராபிக்."

முடிவு எதுவும் சொல்லாமலே போய்விட்டார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

வழியில் ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மாலையில் சின்னராஜ் அண்ணன் வேறு பக்கம் வண்டியைத் திருப்பினார். ஐந்து பேரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"அக்கா, இந்த ரோட்டுல நாம ஒண்ணுமே மாட்டலையே" என்றாள் அக்சிலியா.

பிரெஞ்சு தொடர்கிறது என்று ரோசி மிஸ் இன்று கொடுத்த இரண்டாம் பாடத்தின் தாளைப் பையிலிருந்து எடுத்தேன்.

"அண்ணா, கொஞ்சம் மெதுவா போங்க" என்றேன், பின் சீட்டிலிருந்தே, அவருக்குக் கேட்கிற மாதிரி.