மஞ்சள் டீ-ஷர்ட் போட்ட தர்மம்

மார்ச் 3, திங்கள்

இந்த வருடச் சேவை நாளுக்கும் சுவர்தான், பெயின்ட்தான். எங்கள் ஆலோசனை நிறுவனத்துக்குச் சமூக அக்கறை வந்துவிட்டால் ஒரு சுவர் வேண்டும், நாற்பது பேருக்கு மஞ்சள் டீ-ஷர்ட் வேண்டும், ஒரு போட்டோகிராபர் வேண்டும். நிறுவனப் பத்திரிகைக்கு நெகிழ்ச்சியாக ஒரு பக்கம் எழுத நான் வேண்டும். வருடாவருடம் நெகிழ்ந்து பழைய எலாஸ்டிக் மாதிரி ஆகிவிட்டேன்.

மார்ச் 5, புதன்

சுவரின் சொந்தக்காரியைப் பார்த்து வந்தேன். என்னைவிடச் சின்னவள்; ஆனாலும் எல்லோருக்கும் அவள் ‘வேன் அக்கா’. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களை இலவசமாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் வீட்டில் கொண்டுவிடும் தொண்டு அமைப்பு. ஒரு ஷெட், இரண்டு வேன்.

“சுவரு நல்லாத்தான் இருக்கு. போன வருஷம் ஒரு பேங்க்குக்காரங்க அடிச்சாங்க. அதுக்கு முன்னாடி சோப்பு கம்பெனி. பெயின்ட் ஏறி ஏறி ஜன்னலையே சாத்த முடியல.”

“அப்ப வேற என்னதான் வேணும்?”

“யாரை முதல்ல ஏத்தணும், எந்தத் தெரு வழியாப் போகணும்னு ஒழுங்கா வழி போட்டுக் கொடுக்க ஒரு ஆளு. தினமும் யாராவது ஒருத்தர் லேட்டு. லேட்டானா மிஷினை அடுத்தவங்களுக்குக் கொடுத்துடறாங்க.”

பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல்காரர், அவளுடைய நோயாளிகளில் ஒருவர், என் ப்ளவுஸையே பார்த்துக்கொண்டிருந்தார். “தோள்பட்டை இழுக்குது. யாரு தைச்சது?” என்றார். பிறகு அதே குரலில், “இன்னொரு தடவை லேட்டா வந்தா எனக்குக் காலை நேரம் கிடையாதாம். ராத்திரிதானாம். ராத்திரி வேன் ஏது?”

கூரியர் கம்பெனிகளின் பொட்டலங்களுக்கு வழி போட்டுக் கொடுத்துத்தான் எங்கள் நிறுவனம் சோறு தின்கிறது. பொட்டலத்துக்குக் கிடைக்கிறது, மனுஷனுக்குக் கிடைக்காதா?

மார்ச் 6

கிடைக்காதாம். எங்கள் ஆபீஸில் வழி போடுகிற வழித்திட்டக்காரரை ஒரு மாதம் வேன் அக்காவிடம் அனுப்பச் சொல்லி நிறுவனத் தலைவரான பெரிய சாரிடம் கேட்டேன். “அவரோட நேரம் ரொம்ப விலைம்மா. அதை எப்படிச் சும்மா கொடுக்கறது?”

சும்மா கொடுப்பதற்குத்தானே தர்மம் என்று பெயர்? கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அந்தத் துறையில் நான் நிபுணர்.

மார்ச் 15, சனி. சேவை நாள்

மஞ்சள் டீ-ஷர்ட்டைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஷெட்டுக்கு முன்னால் வரிசையாகக் காரை நிறுத்தினோம். என்னுடையதும் அதில் ஒன்று. மஞ்சள் டீ-ஷர்ட்டில் பாக்கெட் இல்லை. ஆகவே சாவியெல்லாம் கைப்பைகளில், கைப்பையெல்லாம் ஒரு அறையில் குவியலாக. நாங்கள் பின்பக்கச் சுவர் அருகே, கையில் பிரஷ்ஷோடு, போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டு. ஷெட்டுக்குள் நின்ற வேனிலிருந்து டிரைவர் ஹாரன் அடித்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக் கையசைத்தோம். கையசைத்தோமே... அவர் ஓடி வந்து கத்திய பிறகுதான் புரிந்தது. படித்த கழுதைகள் நாற்பது.

சாவிகளைத் தேடி எடுத்து வேனை வெளியே விடுவதற்குள் தையல்காரரின் மிஷினில் வேறொருவர் படுத்துவிட்டார். இவருக்கு ராத்திரிதான் கிடைத்தது. மருமகன் யாரிடமோ வண்டி இரவல் வாங்கிக் கூட்டிப்போனாராம். இனிமேல் எப்போதும் ராத்திரிதான்.

வேன் அக்கா திட்டியிருந்தால் தேவலை. “போட்டோ நல்லா வந்துச்சா?” என்று மட்டும் கேட்டாள்.

மார்ச் 17, திங்கள்

நடந்ததை நடந்தபடி பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்தேன். மதியம் பெரிய சார் கூப்பிட்டார்.

“இதை அச்சடிக்கவா எழுதினீங்க?”

“ஆமா சார். படம்கூட இருக்கு. வேனை மறிச்சு முதல்ல நிக்கறது உங்க காருதான்.”

படத்தை வாங்கிப் பார்த்து மேஜைமேல் கவிழ்த்து வைத்தார். “என்னதான் வேணும் உங்களுக்கு?”

“வழித்திட்டக்காரர், ஒரு மாசம். அப்புறம், நீங்களே ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு எங்களோடதுன்னு சொல்லி, தையல்காரருக்குக் காலை நேரத்தைத் திரும்பக் கேளுங்க.”

இன்று தலையாட்டியது அவர்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “இதுக்குப் பேரு மிரட்டல்டி,” என்றார்.

“ஆலோசனைங்க.”

மார்ச் 26

ஆஸ்பத்திரி இறங்கி வந்தது: காலை நேரம் உண்டு, ஆனால் இதுவே கடைசி முறை.

வழித்திட்டக்காரர் ஒரு வாரமாக வேனிலேயே சுற்றுகிறார். நாடு முழுக்கப் பொட்டலங்களை அனுப்புகிற மனுஷன், எங்கள் ஆபீஸ் கேண்டீனுக்கு இன்னும் வழி கேட்கிறவர். கண்டுபிடித்துவிட்டார்: இரண்டு வேனும் ஒரே பேட்டைக்குள் மாறி மாறி நுழைகின்றனவாம், ஆளுக்கொரு பக்கம் பிரித்துவிட்டால் போதுமாம். இவ்வளவுதானா? இவ்வளவைக் கொடுக்க மனசில்லாமலா இத்தனை வருஷம் சுவர் சுவராகப் பூசிக்கொண்டு திரிந்தோம்? சந்தோஷப்பட வேண்டிய இடத்திலும் ஆத்திரம்தான் வருகிறது.

ஏப்ரல் 19, சனி

காலையில் வேனில் நானும் போனேன். தையல்காரர் ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு வந்து கதவைத் திறந்தார்.

“என்னம்மா இது, இவ்வளவு சீக்கிரம் வந்து நின்னா எப்படி? பாதி முகம்தான் ஆகியிருக்கு.”

“மெதுவா முடிச்சுட்டு வாங்க,” என்று டிரைவர் என்ஜினை அணைத்தார்.