பூஜ்யமாகிப் போன அழுத்தம்

14-7-76, புதன்

பயமாக இருக்கிறது. அணைக் குழாய் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் போட்ட கணக்கு தப்பு. அந்த ப்ரோகிராமில் என் பகுதி ஃபோர்ட்ரான் மொழி, கூட வேலை பார்க்கும், இப்போது ஊரில் இல்லாத ஜோசப் சாருடையது அசெம்பிளர் மொழி. குழாயின் கதவை மூடும்போது ஏறும் கூடுதல் அழுத்தத்தை, அவர் பகுதி என் பகுதியைக் கூப்பிட்டு வாங்கிக்கொள்ளும். நான் முழு எண்ணாகக் கொடுக்கிறேன். அவர் பகுதி அதைத் தசம எண் என்று வாசிக்கிறது. வாசித்தால் கிட்டத்தட்டப் பூஜ்யம்; கூடுதல் அழுத்தம் கணக்கில் சேரவே இல்லை, குழாய் வெடிக்கலாம். மெஷின் பிழை என்று ஒரு வரிகூட அடிக்கவில்லை. இன்று கையால் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

நாளைக் காலை குழாய்க்குச் சோதனை. பக்கத்தில் நிற்கப்போவது என் வீட்டுக்காரர், இவர்.

சாப்பிடும்போது சொன்னேன். சிரித்தார். "மெஷினே சும்மா இருக்கு, ஒனக்கென்னட்டி? புள்ள பெத்ததுலேர்ந்து ஒனக்கு எல்லாத்துக்கும் பயம்."

"ஜோசப் சார் வர்ற வரைக்கும் தள்ளிப் போடுங்களேன்."

"பெரிய இன்ஜினீயர் சாரு கையெழுத்தே போட்டாச்சு. போய்ப் படு."

இவர் ஜீப்பில் ஆட்களை ஏற்றிப் போகாமல் சோதனை தொடங்காது. ஜீப் சாவியை எடுத்துத் தொட்டில் துணிக்கு அடியில் வைத்துவிட்டேன். விடிந்ததும் பெரிய சார் பங்களாவுக்கு நானே கணக்கோடு போகவேண்டும். நம்புவாரா?

பாப்பா புரளும்போதெல்லாம் சாவி கிணுங்குகிறது. இவர் விழித்துவிடக் கூடாது.