பனித்தளத்தில் விழுந்த பெண்ணும் நாமும்

அக்கா,

இன்று சுக்கு மணம் என்னை வாசலிலேயே நிறுத்திவிட்டது. மழை விட்டதால் சுக்குக் கிடங்கின் கதவுகளை அகலத் திறந்து போட்டிருந்தார்கள். மூட்டைகள் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த சிமென்ட் தரையில்தானே நாம் சக்கர ஸ்கேட்ஸ் கட்டிக்கொண்டு பழகினோம். உள்ளே என் புது ஜோடி காத்திருந்தாள். ஆறாம் வகுப்புப் பெண், திருப்பூணித்துறையிலிருந்து வருகிறாள். உன்னைப்போல் இனி தூக்க வேண்டியவள் நான்.

நாம் ஜோடி சேர்ந்ததே அந்த ஜப்பான் ஸ்கேட்டிங் பெண்ணால்தான். உங்கள் வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்து போனில் காட்டினாய். பனித்தளத்தில் ஒரு பையன் அவளைச் சுழற்றி எறிகிறான். அவள் காற்றில் சுற்றி ஒற்றைக்காலில் இறங்குகிறாள். பிறகு நீ பழைய வீடியோக்களைத் தேடிப் போனாய். அவள் முதன்முதலாக ஒரு பையனின் கையைப் பிடித்து ஆடிய வருடம், அதற்கும் முன்னால் தனியாக ஆடிய சிறுமி. பின்னால் போகப் போக விழுவது கூடியது.

"ஜெயிச்சத எல்லாரும் பாத்தாச்சு. இவ எப்பிடி விழுந்தான்னு நான் பாக்கணும்" என்றாய்.

எறியும் நொடியில் நான் கண்ணை மூடிக்கொள்வேன்.

"இறங்கிட்டா. தொறடி."

திறந்தால் அவள் தரையில் கிடப்பாள்.

"பொய் சொல்றே அக்கா."

"இறங்கினாதானே. காலால இல்ல, இடுப்பால."

கிடங்கில் நமக்கு ஒரு விதி இருந்தது. மேலே போகிறவள் "ம்" சொன்ன பிறகுதான் கீழே நிற்பவள் தூக்கலாம். அந்த "ம்" எனக்கு எளிதில் வராது. "சுக்கு மூட்டைகூட இவ்வளவு யோசிக்காதுடி" என்பாய். ஒருமுறை மேலே போனதும் பயத்தில் உன் கொண்டையைப் பிடித்துவிட்டேன். இருவரும் விழுந்தோம். முழங்கையில் ரத்தத்தோடு, "சாயா வாங்கித் தா, விட்டுடறேன்" என்று சிரித்தாய். பயமெல்லாம் என் பங்கு என்றே நினைத்திருந்தேன்.

அந்த ஜப்பான் பெண்ணின் முதல் ஜோடி விலகிவிட்டான் என்று தெரிந்த அன்று நீ போனை மடியில் கவிழ்த்துவிட்டுக் கேட்டாய்.

"ஒருத்தர் போயிட்டா மத்த ஆள் என்னடி செய்யும்?"

"திறமை இருந்தா வேற ஆள் கிட்டும்" என்றேன், பரீட்சையில் விடை எழுதுவதுபோல.

கர்க்கடக மாதத்து மழையில் உனக்கு எலிக்காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

ஜப்பான் பெண் தன் புது ஜோடியோடு ஆடிய முதல் போட்டியைத் தனியாகப் பார்த்தேன். திறக்கச் சொல்ல ஆள் இல்லாததால் கண்ணை மூடவில்லை. அவள் விழுந்தாள். ஆனால் என் கண் போனது அந்தப் பையனிடம். எறிந்த பிறகு அவன் கைகள் காலி. அவள் இறங்கும்வரை அவனால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. பழைய வீடியோக்களையும் மறுபடி போட்டுப் பார்த்தேன். முதல் பையனுக்கும் அதே முகம். நாம் அவளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தோம் அக்கா. அல்லது அப்படிப் பார்த்தது நான் மட்டுமா?

இன்று சின்னவள் முன்னால் வந்து நின்ற உடனே "ம்" என்றாள். என் கை அசையவில்லை.

"சேச்சி, நான் சொல்லியாச்சு."

"கேட்டுச்சு."

"பின்னே? பேடியா?"

"ஆமா, பயம்தான்."

"மேல போறது நானாக்கும். சேச்சிக்கு எதுக்கு பேடி?"

தூக்கினேன். அவள் எடை மணிக்கட்டில் ஏறியபோது, தூக்குவதற்கு முன் நீ எப்போதும் குனிந்து உள்ளங்கைகளைத் தரையில் தேய்த்துக்கொண்டது நினைவுக்கு வந்தது. பிடி நழுவாமல் இருக்க என்று சொல்வாய். நீ துடைத்தது வியர்வை என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

பத்திரமாக இறக்கிவிட்டேன். "இனியும் ஒரு தடவ" என்று குதித்தாள். அவள் திரும்பி வந்து நிற்பதற்குள் நான் குனிந்து, ஈரமாயிருந்த கைகளைத் தரைத்தூசியில் தேய்த்துக்கொண்டேன்.